கைராசிக்காரி

அத்தியாயம் பதினொன்று

ஆற்றுக்கால் கோவில் பொங்கலை அன்று திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் தெரு என்று ஒன்று இருப்பதில்லை, அடுப்புதான் இருக்கும். மூன்று செங்கல், மேலே ஒரு புது மண்பானை, பக்கத்தில் ஒரு பெண். அவளை ஒட்டி இன்னும் மூன்று செங்கல். வாசலில் ஆரம்பித்துத் தெருமுனை வரைக்கும், முனை திரும்பினால் தம்பானூர் வரைக்கும் இதே வரிசை. ஆட்டோ வராது, ஸ்கூட்டர் நகராது. பானை பொங்கி, பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் அடுப்பை விட்டுப் போகவும் கூடாது.

ஸ்ரீலக்ஷ்மிக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்போதோ பழகிவிட்டது.

பழகிய கதையைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாமியார் நாகலக்ஷ்மிக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, இடது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். வியாதி போயிற்று. போகிற போக்கில் அந்தக் கையில் வீக்கத்தை வைத்துவிட்டுப் போயிற்று. நிணநீர் வடிகிற வழி போய்விட்டால் கையிலேயே தங்கும் என்றார் டாக்டர்.

வீக்கம் என்றால் உழிச்சல், எண்ணெய் போட்டு உருவி விடுவது. திருவனந்தபுரத்தில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? மகன் சுமந்த் யாரோ ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் சுடச்சுடத் தைலத்தை ஊற்றி, கையைப் பிழிந்து எடுத்தார். மறுநாள் கை ரத்தச் சிவப்பு, குளிர் ஜுரம், மறுபடியும் ஆஸ்பத்திரி. அங்கேதான் பிசியோதெரபி சபீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அமுக்கப்படாதும்மா! தோலு மட்டும் லேசா நகந்தா மதி, அது போதும். முதல்ல கழுத்து, அப்புறம் நல்ல பக்கத்து அக்குளு, அப்புறம்தான் கை. வழியைத் தொறக்காம தண்ணியத் தள்ளினா எங்கே போகும்?"

நாகலக்ஷ்மிக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். வலது கை நடுங்குகிறது, வரவில்லை என்றாள் நாகலக்ஷ்மி. அப்போது பக்கத்தில் நின்றிருந்த பாவத்துக்கு ஸ்ரீலக்ஷ்மி கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கைதான். அதன் பிறகு, கையை இறுக்கிப் பிடிக்கிற அந்த நீள உறையை மாட்டிவிடுவதும் அவள்தான். வீக்கம் குறைந்தது. அவளுடைய டெக்னோபார்க் கம்ப்யூட்டர் வேலையும் குறைந்து குறைந்து ஒருநாள் நின்றே போயிற்று.

"உன் கைராசிடீ" என்றாள் மாமியார். "கைராசிக்காரி" என்றது தெரு. பூட்டுப் போட்டுத்தான் ஒருத்தியை வீட்டில் வைக்க வேண்டும் என்று இல்லை. இப்படி நாலு பேர் சொன்னால் போதும்.

போன வாரம் பழைய சிநேகிதி விஷ்ணுப்ரியா கொச்சியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கம்பெனியில் ஒரு இடம். "உனக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன் ஸ்ரீ. பொங்கலை அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அதுக்கு மேல என்னால தள்ள முடியாது."

இன்றுதான் பொங்கலை.

காலையில் குளித்து, பூஜை முடிகிற வரை மற்றதைத் தொடாத மடியாகிவிட்டதால் ஸ்ரீலக்ஷ்மி போனைத் தொடவில்லை. நாகலக்ஷ்மியின் மடிச் சட்டத்தில் போனுக்கு இடமில்லை. கை உறைக்கே இப்போதுதான் இடம் கிடைத்தது. மடி இல்லாத விழுப்புத் துணி என்று அடுப்படிக்கு வரும்போதெல்லாம் அதைக் கழற்றி வைத்துவிடுவாள், கை வீங்கிக்கொள்ளும். ஸ்ரீலக்ஷ்மி இரண்டாவது உறை ஒன்று வாங்கி, துவைத்து, மடிப்புடவைகளோடு கொடியில் உலர்த்தினாள். இன்று அதைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் மேல் இருந்த போன் அடித்தது. சுமந்த் எடுத்துப் பார்த்தான்.

"யாரு?"

"ஏதோ கம்பெனி கால்" என்று சொல்லிவிட்டு அவன் போனோடு வாசல் பக்கம் போய்விட்டான்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. அனலில் கையைக் காட்டக் கூடாது என்பதால் நாகலக்ஷ்மியைச் சுவரோரம், குடைக்குக் கீழே உட்கார வைத்திருந்தாள் ஸ்ரீலக்ஷ்மி. இரண்டு அடுப்பையும் அவளே பார்த்துக்கொண்டாள். கோவிலில் அடுப்பு பற்றியதும் இங்கேயும் பற்ற வைத்தாயிற்று. ஆயிரம் அடுப்பின் புகை அந்த ஒற்றைத் தெருவில் வெளியேற வழியில்லாமல் நின்றது.

பக்கத்து அடுப்பு வடிவம்மாளுடையது. வள்ளியூரிலிருந்து முந்தின நாளே வந்து இடம் பிடித்தவள். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் புடவைக்கு வெளியே தூண் மாதிரி தெரிந்தது.

சுமந்த் குடியிருப்போர் சங்கத்தின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாளியில் மோர் எடுத்து வந்தான். பொங்கலை அன்று இந்த ஊர் ஆண்களுக்கு வேறு வேலை இல்லை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு மனைவியின் முன்னால் வந்து குனிந்தான்.

"என்ன முடிவு பண்ணினே?"

"இன்னும் பண்ணலை."

"அம்மா கையை ஒரு தடவை பாரு. அப்பறம் நீயே சொல்லு. நான் ஒண்ணும் உன்னைத் தடுக்கலை."

இதுதான் அவன் வழக்கம். தடுக்கமாட்டான். கையைப் பார் என்பான். அந்தக் கையைப் பார்த்துவிட்டு எவளால் பெட்டி கட்ட முடியும்?

அவன் வாளியோடு நகர்ந்தான். ஸ்ரீலக்ஷ்மி மனசுக்குள் விஷ்ணுப்ரியாவுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அடுக்கிப் பார்த்தாள். 'இப்போதைக்கு முடியாது.' இப்போதைக்கு என்ற வார்த்தையைப் போடலாமா, வேண்டாமா என்பதுதான் பாக்கி. வேறெதுவும் அவள் கையில் இல்லை என்று தோன்றியது.

"அம்மா, தேங்காய் துருவினதை உள்ளேயே வச்சுட்டேன். அடுப்பைப் பாத்துக்கோங்கோ, இதோ வந்துடறேன்."

அடுக்களையில் தேங்காயை எடுத்துக்கொண்டு திரும்புகிறவள் கூடத்து ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

நாகலக்ஷ்மி குடையை விட்டு நகர்ந்து வடிவம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு நன்றாகவே கேட்டது.

"கர்ப்பப்பை ஆபரேசன் மாமி. கட்டின்னு சொல்லி எடுத்தாவ. அதுக்கப்புறம் இந்தக் கால் இப்படி ஆயிட்டு, பாத்துக்கிடுங்க. ஊர்ல ஒருத்தன் எண்ணெய் போட்டு நல்லா அமுக்கி விடுதான். அமுக்க அமுக்கக் கூடத்தான் செய்யி."

"அய்யோ, அமுக்கப்படாது! எங்காத்துலயும் அந்தக் கூத்து நடந்தாச்சு. நான் பொழைச்சது பெரும்பாடு. ஊருக்குப் போனதும் டாக்டரைக் கேளுங்கோ, இதுக்குன்னே படிச்சவா இருக்கா. இப்ப எப்படின்னு மட்டும் காட்டறேன், கேட்டேளா? முதல்ல இங்கே."

நாகலக்ஷ்மி தன் வலது கை விரல்களைத் தன் கழுத்தெலும்புக் குழியில் வைத்தாள். தோலை மட்டும் மெல்ல நகர்த்தினாள், விட்டாள். மறுபடி நகர்த்தினாள், விட்டாள்.

"அப்பளம் இட்டப்பறம் மேல இருக்கற மாவைத் தட்டுவோமே, அவ்வளவுதான் பலம். அப்பறம் மூச்சை நன்னா வயத்துக்கு இழுத்து விடணும். அப்பறம் தொடை மூலம். அப்பறம் முட்டிக்குப் பின்னாடி. எல்லாம் மேலேருந்து ஆரம்பம். தண்ணி போற வாயைத் தொறந்துண்டு வரணும்."

பிறகு ஸ்ரீலக்ஷ்மி நினைத்தே பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தாள். மடியாக இருக்கிறவள், கொடித் துணியைக் குச்சியால் எடுக்கச் சொல்கிறவள், முன்பின் தெரியாத வடிவம்மாளின் முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"இப்படி."

கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி பார்த்துக்கொண்டே நின்றாள். விரல் வைக்கிற இடம், நகர்த்துகிற திசை, விடுகிற நேரம் எல்லாம் சரி. சபீனா பார்த்தால் கூடக் குறை சொல்லமாட்டாள். தான் கற்றுக்கொண்டபோது இவ்வளவு சீக்கிரம் வரவில்லை என்பது ஸ்ரீலக்ஷ்மிக்கு நினைவு வந்தது.

அவள் வெளியே வந்ததும் வடிவம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உங்க மாமியாருக்கு என்ன கை தாயி, பஞ்சு மாதிரில்லா இருக்கு! கைராசின்னா இதுதான்."

நாகலக்ஷ்மியின் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல நகர்ந்து குடைக்கு அடியில் போனாள். வடிவம்மாள் தன் பானைக்கு வெல்லம் போடத் திரும்பிக்கொண்டாள்.

ஸ்ரீலக்ஷ்மி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு ஒன்றை ஒடித்துத் தீயில் செருகினாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, கை நடுங்கலையே."

நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"தினம் நீ செய்யறதைப் பாத்துண்டுதானே கெடக்கேன். எருமையா நான், தெரியாம இருக்கறதுக்கு?"

"ஐப்பசியில நான் திருநெல்வேலிக்குப் போனேன். நாலு நாள். திரும்பி வந்தப்ப கை அப்படியே இருந்தது. 'உன் கைராசி நாலு நாள் தாங்கித்து பாத்தியா'ன்னு சொன்னேள்."

"நான்தான் பண்ணிண்டேன்."

இவ்வளவு சாதாரணமாக ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு இருந்தது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து எங்காவது போய்விட வேண்டும். ஆனால் எங்கே போவது? முன்னால் அடுப்பு, பின்னால் வீடு, இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெண்களும் பானைகளும். ஊரே சேர்ந்து அவளை உட்கார வைத்திருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

நாகலக்ஷ்மி தெருவின் அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே சுமந்த் ஒரு கிழவியின் டம்ளரில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அவன் கெட்டவன் இல்லைடீ, கேட்டியா. 'உனக்கே பண்ணிக்கத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா மறுநாளே மறுபடி வேலைக்குக் கெளம்பிடுவா. அவ ஆத்துல இருந்தா எல்லாருக்கும் நல்லதும்மா'ன்னான். எனக்கும் சரீன்னு பட்டுது."

"உங்களுக்குமா?"

நாகலக்ஷ்மி உறை போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன் மாமனார் போயாச்சு. ஆபரேஷன் ஆனப்பறம் எல்லாரும் எட்ட நின்னு 'எப்படி இருக்கேள்'னு கேக்கறா. என் பிள்ளை ரிப்போர்ட்டைத் தொடுவான், மாத்திரையைத் தொடுவான், என்னைத் தொடமாட்டான். அந்த வெட்டின எடத்துல அருவருக்காம கை வச்சவ நீ ஒருத்திதான். நானே பண்ணிண்டா வீக்கம் வடியறது, வாஸ்தவம். ஆனா அது என் கைதானே? உன் கை நின்னு போயிடுமேன்னு எனக்குப் பயமா இருந்தது."

ஸ்ரீலக்ஷ்மிக்கு அழுகை வந்தது. எரிச்சலும் வந்தது. கோபம்கூட ஒருத்தியை முழுசாகப் பட விடமாட்டார்கள் இந்த வீட்டில். பாவம் என்று நினைக்க வைத்துவிடுவார்கள்.

"சொல்லியிருக்கலாமேம்மா. 'என்னை யாராவது தொட்டா நன்னா இருக்கும்போல இருக்கு, பக்கத்துல வந்து உக்காரு'ன்னு சொன்னா நான் மாட்டேன்னா சொல்வேன்?"

"அப்படியெல்லாம் கேக்கத் தெரியாதுடீ எனக்கு. வியாதின்னாதான் கேக்கத் தெரியும்."

பானை பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து தீயில் சீறியது. வடிவம்மாள் குரவையிட்டாள்; தெரு முழுக்கக் குரவை எழுந்தது. நாகலக்ஷ்மியும் வாயருகே கையைக் குவித்துக் குரவையிட்டாள். ஸ்ரீலக்ஷ்மி குரவையிடவில்லை. கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

தீர்த்தம் வர வெகு நேரம் ஆயிற்று. வடிவம்மாள் அவ்வப்போது தன் கழுத்தில் விரலை வைத்து, "இப்படியா மாமி? பலம் கூடிட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாகலக்ஷ்மி ஒவ்வொரு தடவையும் ஸ்ரீலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

ஒருவழியாகப் பூசாரி வந்தார். தண்ணீர்த் துளிகள் பானையிலும் தலையிலும் விழுந்தன. பெண்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். வடிவம்மாள் நாகலக்ஷ்மியைக் கும்பிட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே கூட்டத்தோடு போனாள்.

ஸ்ரீலக்ஷ்மி இரண்டு பானையையும் பூஜை அறையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மடி முடிந்தது. பழையபடி ஃப்ரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்தாள். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது.

சுமந்த் பட்டையைக் கழற்றியபடி உள்ளே வந்தான். மனைவியின் கையில் போனைப் பார்த்தான். அம்மாவையும் பார்த்தான். "அனல்ல இருந்தது கையில தெரியறதே. ஸ்ரீ, அம்மாவுக்கு ஒரு தடவை பண்ணி விட்டுடேன்."

ஸ்ரீலக்ஷ்மி நகரவில்லை.

நாகலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்தாள். உறையின் மேல் விளிம்பை வலது கையால் பிடித்து, சுருட்டிச் சுருட்டிக் கீழே இறக்கி, கழற்றி மடியில் போட்டாள். கை உப்பித்தான் இருந்தது. துணியின் வரி சிவப்பாகப் பதிந்திருந்தது. பிள்ளையை நேராகப் பார்த்தாள். வலது கையைக் கழுத்தெலும்புக் குழியில் வைத்து, தோலை மெல்ல நகர்த்தினாள், விட்டாள்.

"அம்மா!" என்றான் சுமந்த்.

"மதிடா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

வெளியே யாரோ செங்கற்களை இழுத்து ஓரமாக அடுக்குகிற சத்தம் கேட்டது.

"'எனக்கு நீ போறது பிடிக்கலை'ன்னு நீ சொல்லியிருக்கலாம் சுமந்த்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நான் சண்டை போட்டிருப்பேன். நீயும் போட்டிருப்பே. யாராவது ஒருத்தர் ஜெயிச்சிருப்போம். வியாதியோட யாரு சண்டை போட முடியும்? அதனாலதானே அம்மா கையை முன்னால பிடிச்சே?"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இனிமே பேசி என்ன ஸ்ரீ. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

"எது முடிஞ்சுபோச்சு?"

"காலையில வந்தது விஷ்ணுப்ரியா கால்தான். நீ மடியா இருந்தே. நான் எடுத்தேன். உன்னால வர முடியாதுன்னு சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா."

ஸ்ரீலக்ஷ்மி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பறம் எதுக்கு மோர் வாளியோட வந்து 'என்ன முடிவு பண்ணினே'ன்னு கேட்டே?"

"நீயா வேண்டாம்னு சொன்னா நன்னா இருக்குமேன்னு நெனச்சேன்."

அடுப்பின் முன்னால் நாளெல்லாம் அவள் ஒரு வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு என்ற வார்த்தையைப் போடலாமா, வேண்டாமா என்று. ஏற்கெனவே பூட்டிய கதவை உள்ளே இருந்து அவளே இன்னொரு தடவை பூட்ட வேண்டும் என்று அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

போனில் விஷ்ணுப்ரியாவின் பெயரைத் தேடினாள். விரல் அந்தப் பெயரை அழுத்தியது. கைராசிக்காரியின் விரல்.

"வேண்டாம் ஸ்ரீ. இப்பக் கூப்பிட்டு என்னைக் கேவலப்படுத்தாதே. அந்தப் போனைக் குடு." சுமந்த் இரண்டு எட்டில் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

நீட்டிய கை போன் வரைக்கும் வரவில்லை. நாகலக்ஷ்மி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கனமான ஒன்றையும் தூக்கக் கூடாது, எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த, உறை கழற்றிய, உப்பிய அந்த இடது கையால் பிடித்தாள்.

"அம்மா, விடு. கை வீங்கிடும்."

"வீங்கட்டும்டா. வடியவைக்க எனக்குத் தெரியும்" என்றாள் நாகலக்ஷ்மி. "நீ பேசு ஸ்ரீ."

கொச்சியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.